"நாளையிலிருந்து காலேஜுக்குப் போகவில்லை, அம்மா!"

ராத்திரி மணி எட்டே முக்கால். சென்ட்ரலிலிருந்து வந்த மின்சார ரயில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஜனங்களை இறக்கிவிட்டு ஓய்கிறது. பத்து நிமிஷத்தில் உங்கள் பெண் வீட்டுக்குள் நுழைகிறாள். தோளில் இருந்த பையைக் கழற்றி மூலையில் வைக்கிறாள். நீங்கள் ரசத்தைச் சுட வைத்துத் தட்டை எடுத்து வைக்கிறீர்கள். அவள் உட்கார்ந்து, சோற்றில் கையை வைத்தபடியே சொல்கிறாள்:

"அம்மா, நாளையிலிருந்து நான் காலேஜுக்குப் போகவில்லை."

உங்களுக்கு எப்படி இருக்கும்?

பயப்படாதீர்கள். இவள் நம்முடைய கற்பனைப் பெண்தான். ஆனால் இவளைப் போன்றவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். ஆகையால் இந்தக் கட்டுரை முடிகிற வரையில் இவளை நம்மோடு வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. பெண் அரசாங்கப் பள்ளியில் தமிழில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். பட்டணத்தில் கிண்டிப் பக்கம், ஆயிரக்கணக்கானவர் ஏங்குகிற ஒரு காலேஜில் ஸீட் கிடைத்தது. நீங்கள் சிறுவாபுரி முருகனுக்கு அர்ச்சனை செய்தீர்கள். தெரு முழுவதும் இனிப்பு வழங்கினீர்கள். முழுசாக ஆறு மாதம் ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு வார்த்தை!

அந்த நிமிஷத்தில் நம் வாயில் முதலில் வருவது என்ன? "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதுதானே? அதற்கு அடுத்தது, "எத்தனை பேர் ஏங்குகிற இடம்! உனக்கு என்ன குறைச்சல்?" என்பது. இந்த இரண்டு கேள்விகளையும் சற்று ஒத்திப் போட்டுவிட்டு, "ஏன்?" என்று கேட்டுப் பார்க்கலாம், வாருங்கள்.

பார்லிமெண்டில் ஒரு கணக்கு

நாட்டிலேயே நுழைவதற்குக் கடினமான காலேஜ் எது என்றால் குழந்தைகூட ஐ.ஐ.டி. என்று சொல்லும். நம் பட்டணத்தில் 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழைந்த பிறகு யாராவது வெளியே வருவார்களா?

வருகிறார்கள். 2019-ல் மத்திய அரசு பார்லிமெண்டில் ஒரு கணக்குக் கொடுத்தது. அதற்கு முந்திய இரண்டு வருஷங்களில் எல்லா ஐ.ஐ.டி.க்களிலுமாக 2,461 பேர் படிப்பைப் பாதியில் விட்டிருந்தார்கள். டில்லியில் 782, கரக்பூரில் 622, நம் சென்னையில் 128. இவர்களில் பெரும்பாலோர் எம்.டெக்., ஆராய்ச்சி என்று மேல்படிப்புப் படித்தவர்கள். நடுவில் நல்ல உத்தியோகம் வந்தது, போய்விட்டார்கள். அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது, பள்ளிக்கூடம் முடித்த கையோடு போன சின்னஞ்சிறுசுகளைப் பற்றி. அவர்கள் விட்டுவிடுவதற்கு அரசாங்கம் சொன்ன காரணங்கள் நான்கு: தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்தது, படிப்பில் பின்தங்கியது, சொந்தக் காரணம், உடல்நலம்.

பிறகு 2023-ல் இன்னொரு பதில் வந்தது. ஐந்து வருஷங்களில் மத்திய பல்கலைக் கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்கள் மட்டும் 13,626 பேர் விலகியிருக்கிறார்கள். ஐ.ஐ.டி.க்களில் மட்டும் 3,542 பேர். மாணவர்களுக்கு இன்று வழிகள் பல. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்று அரசு விளக்கம் சொல்லிற்று. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுதானா? "சொந்தக் காரணம்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையின் மனத்தில் எத்தனையோ வரிகள் இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

கும்பகோணத்துப் பையன்

இது இன்று நேற்று வந்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேலான கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தாயின் கண்ணால் அதை இன்னொரு தடவை பாருங்கள்.

1904-ல் கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் ஒரு பையன் சேர்ந்தான். தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பேர் வாங்கிய காலேஜ் அது. பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தது. அவனுக்குக் கணக்கு என்றால் உயிர். மற்றப் பாடங்கள் வேப்பங்காய். இங்கிலீஷில் தவறினான். ஸ்காலர்ஷிப் போயிற்று. ஒரு டெர்முக்குச் சம்பளம் 32 ரூபாய். தகப்பனாரோ ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாத வருமானம் ஏறக்குறைய 20 ரூபாய்.

1905-ல் ஒருநாள் பையன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டான். பையனைக் காணோம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. மறு வருஷம் பட்டணத்தில் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தான். அங்கே உடம்பு படுத்தியது, ஊர் திரும்பினான். எப்.ஏ. பரீட்சையில் தவறினான். 1907-ல் தனியாக எழுதினான், மறுபடியும் தவறினான்.

அந்தப் பையன்தான் சீனிவாச ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா; 1914-ல் கேம்பிரிட்ஜ்; 1918-ல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினர்.

இதைச் சொல்வதால், காலேஜை விட்ட பிள்ளையெல்லாம் ராமானுஜன் ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பச்சைப் பொய். கோமளத்தம்மாளின் பிள்ளை இரண்டு காலேஜிலிருந்து வெளியேறியதற்கு மூளை குறைவு காரணம் அல்ல. அவ்வளவுதான் நான் சொல்வது. இங்கிலீஷ், பணம், பிடிக்காத பாடம், உடம்பு: இந்த நான்கும்தான் காரணம். பார்லிமெண்டில் படித்த ஜாபிதாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் உண்டா?

முதல் பெஞ்சு போன கதை

நம்முடைய பெண்ணிடம் வருவோம். அவள் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். காலேஜ் வகுப்பில் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அறுபது பேரும் அவரவர் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்! அறுபது பேரும் முதலாவதாக வர முடியுமா? ஒருத்தர் முப்பதாவதாகவும் இன்னொருத்தர் அறுபதாவதாகவும் வந்துதானே ஆக வேண்டும்? இந்தச் சின்னக் கணக்கை நாம் யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை. முதல் பரீட்சையில் நாற்பது மார்க் வாங்கியதும், "நான் முட்டாள்" என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

இதோடு பாஷையும் சேர்ந்துகொள்கிறது. அவளுக்குப் பௌதிகம் தெரியும். ஆனால் தமிழில் தெரியும். புரொபஸர் இங்கிலீஷில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, வார்த்தையைப் பிடிப்பதற்குள் விஷயம் நழுவிவிடுகிறது. எழுந்து கேட்கலாம் என்றால் கேள்வியும் இங்கிலீஷில் அல்லவா கேட்க வேண்டும்? அண்ணா பல்கலைக் கழகத்தில் 2010-ல் ஸிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் தொடங்கினார்கள். ஆனால் பெரும்பாலான வகுப்புகள் இங்கிலீஷில்தான். இந்தத் திண்டாட்டம் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு குறைந்துவிடும். அதற்குள் பெண் மனம் உடைந்து போகாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. "உன் ராங்க் என்ன?" என்று முதல் நாளே ஒரு கேள்வி வரும். கேட்பவன் ராங்கை மட்டும் கேட்கவில்லை. நீ எந்த ஜாதி, எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று கேட்கிறான். சட்டம் கொடுத்த இடத்தை யாரோ போட்ட பிச்சை போலப் பேசுகிற அந்தப் பார்வைக்கு நடுவில் தினம் போய் உட்காருவது லேசான காரியமா?

2015-ல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பாருங்கள். முதல் வருஷத்தில் குறிப்பிட்ட அளவு மார்க் வாங்கவில்லை என்று எழுபதுக்கு மேற்பட்ட மாணவர்களை ஒரே சமயத்தில் வெளியேற்றிவிட்டார்கள். பெற்றோர்கள் ஓடினார்கள், கெஞ்சினார்கள். கோர்ட்டுக்கும் போனது விவகாரம். கடைசியில் நிர்வாகமே இறங்கிவந்து, முதல் வருஷத்தை மறுபடி படிக்க அவர்களுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தது. நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வில் தேறிய பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மக்குகளாகிவிட்டார்களா? இல்லை. கை பிடித்துக் கொண்டுபோக ஆள் இல்லாமல் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

ஜாபிதா யார் போட்டது?

தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அரசாங்கம் சொல்லிற்றே, தேர்ந்தெடுத்தது யார்? முன்பெல்லாம் எஞ்சினீயரிங் கவுன்ஸிலிங்குக்கு அண்ணா பல்கலைக் கழகத்துக்குக் குடும்பத்தோடு கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போவோம். 2018 முதல் எல்லாம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற முறை வந்துவிட்டது. அந்த ஜாபிதாவை நிரப்பும்போது மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். "பெரிய காலேஜ் பேர் வரட்டும், பாடம் எதுவானால் என்ன?" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டர் எடுத்தால்தான் பிழைப்பு" என்பார் இன்னொருவர். நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப் போகிற பெண்ணோ, கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிடிக்காத பாடத்திலிருந்து பிடித்த பாடத்துக்கு மாறுவது கேவலம் அல்ல. ஜி.என். ராமச்சந்திரன் 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எலெக்ட்ரிகல் எஞ்சினீயரிங் படிக்கத்தான் போனார். அங்கே ஸர் சி.வி. ராமனின் பௌதிகப் பகுதி அவரை இழுத்துக்கொண்டது. மாறிவிட்டார். பின்னால் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இருந்துகொண்டு, நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். அன்று அவர் வீட்டில், "எஞ்சினீயரிங்கையா விடுகிறாய்!" என்று யாராவது முட்டுக்கட்டை போட்டிருந்தால்?

வளையலும் பதினேழாயிரமும்

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. ராமேசுவரத்து அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் சேர முடியாமல் தவித்தார். சுமார் 1,000 ரூபாய் தேவை. அக்காள் ஸோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ராக்கெட் விஞ்ஞானியாகி, ஜனாதிபதியாகவும் ஆன ஒருவரின் படிப்பு, ஒரு பெண்ணின் கையிலிருந்து கழன்ற வளையலில் நின்றது.

எல்லார் வீட்டிலும் வளையல் இருக்குமா? 2024-ல் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியவில்லை. சில நிமிஷங்களில் ஸீட் போய்விட்டது. நம்முடைய சென்னை ஹைகோர்ட் உள்பட அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. நம் மாகாணத்தில் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித ஒதுக்கீடு வந்தபோது, தனியார் காலேஜில் ஸீட் கிடைத்த சிலர் கட்டணத்துக்குப் பயந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்பதாக அறிவிப்பு வந்தது.

சம்பளம் கட்டியதோடு செலவு தீர்ந்துவிடுவதும் இல்லை. புத்தகம், லாப்டாப், மெஸ், கூடப் படிக்கிறவர்களின் பிறந்தநாள் விருந்து என்று சில்லறைச் செலவுகள் பிய்த்துப் பிடுங்கும். "காசில்லை" என்று சொல்ல வெட்கப்பட்டு, "பிடிக்கவில்லை" என்று பெண் சொல்லக்கூடும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 ஸெப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில். உங்கள் பிள்ளை விண்ணப்பம் போட்டாயிற்றா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

ரயிலும் தூக்கமும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று போகிற வண்டியில் ஒன்றரை மணி. பிறகு இறங்கிப் பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, தாம்பரம் வண்டி பிடித்துக் கிண்டி. போக வர நாளில் நாலைந்து மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. திருவள்ளூர்ப் பெண்ணுக்கும் இதே பாடுதான். ஆவடி, அம்பத்தூர் வழி என்பதுதான் வித்தியாசம். விடியற்காலை எழுந்து, இரவு ஒன்பதுக்கு வந்து, அதன் பிறகு படித்து, அப்பாவின் ஷிப்டுக்கு எழுகிற சத்தத்தில் மறுபடி விழித்து... இந்த உடம்பு என்ன இரும்பா?

இந்த இடத்தில் காலேஜை மாற்ற வேண்டாம். படுக்கையை மாற்றினால் போதும். ஹாஸ்டலோ, பட்டணத்தில் இருக்கும் சித்தி வீடோ ஏற்பாடு செய்தால், "போகமாட்டேன்" என்ற பெண்ணே மறுபடி புத்தகத்தைத் தூக்குவாள். அதே போல, ஹாஸ்டலில் தனிமை தாங்காமல் தவிக்கிற பெண்ணை வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வரவழைத்தால் போதுமானதாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறாள் என்றால், அது காலேஜ் விஷயம் அல்ல, வைத்தியர் விஷயம். அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, வியாதி கரைய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள்; அதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசாங்கச் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால், மனநல ஆலோசகர்கள் செலவில்லாமல் பேசுவார்கள். உயிரைவிடப் பெரிய ஸீட் எந்தக் காலேஜிலும் கிடையாது.

விடுவதே சரி என்றால்

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் மாறுவதுதான் சரி என்று தோன்றினால், கோபத்தில் செய்யாமல் ஒழுங்காகச் செய்யுங்கள்.

முதலில், அடுத்த இடம் உறுதியான பிறகே இருக்கிற இடத்தை விடுங்கள். அதே காலேஜில் வேறு பிரிவுக்கு மாற வழியுண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் உண்டு, சில இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஒரு தடவை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர், அதே நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுவதற்குத் தடை உண்டு; ஆகையால் அந்தந்த வருஷத்து விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரிஜினல் ஸர்டிபிகேட்டுகளைக் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டிய பணத்துக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறது. அட்மிஷனின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால், அலுவலகச் செலவுக்காகச் சிறு தொகை பிடித்துக்கொண்டு முழுப் பணமும் திரும்ப வரும். அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவிகிதம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80. முப்பது நாளுக்குள் 50. அதன் பிறகு டெபாஸிட் தவிர ஒன்றும் வராது. ஆகவே தயங்கித் தயங்கி ஒரு மாதம் போக்கினால் நஷ்டம் நமக்குத்தான். மருத்துவப் படிப்புக்கு விதிகளும் அபராதங்களும் வேறு. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்ற பயமும் முன்போல் வேண்டியதில்லை. 2020-ன் புதிய கல்விக் கொள்கையையொட்டி, தேறிய பாடங்களின் மதிப்பைப் பாங்கில் பணம் போடுவது போல் சேர்த்து வைத்து, வேறு இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 2021-ல் வந்தது. எல்லாக் காலேஜும் அதில் இல்லை. போகிற இடம் ஏற்றுக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தட்டில் சோறு ஆறுகிறது

சரி, நம் பெண்ணை மறந்துவிட்டோமே! அவள் இன்னும் தட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி உங்கள் நாக்கின் நுனியில் நிற்கிறது.

அந்த நாலு பேர் அவளுக்குப் பதிலாக ஒரு நாளாவது அந்த ரயிலில் போய்வருவார்களா? அவளுக்குப் பதிலாகப் பரீட்சை எழுதுவார்களா? இல்லையல்லவா? அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்.

"முதலில் சாப்பிடு" என்று சொல்லி, சுடச்சுட ரசத்தை ஊற்றுங்கள். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்: பாடமா, பாஷையா, பணமா, உடம்பா, இல்லை யாராவது ஏதாவது சொன்னார்களா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து உண்டு. எது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது?

அவள் உடனே சொல்லமாட்டாள். அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில்தான் வருவார். உங்களுக்கு நேரம் இருக்கிறது. காத்திருங்கள்.